தள்ளுபடியும் ஹவாலாவும்

கடனிலிருந்து ஒருவன் விடுபடும் வழிகளுள் இரண்டை பிக்ஹு நூல்கள் தனித்தனியே பிரித்துக் கூறும். கொடுத்தவன் மனமுவந்து விட்டுக்கொடுப்பது 'இப்ரா'. ஒருவன் பொறுப்பிலிருந்து இன்னொருவன் பொறுப்புக்குக் கடன் மாறுவது 'ஹவாலா'. (செய்தித்தாள்கள் இச்சொல்லைக் கள்ளப் பணமாற்றுக்கே உரியதாக்கிவிட்டது வேறு கதை!) ஹவாலாவில் பொறுப்பேற்பவனின் சம்மதமும் வேண்டும் என்பது ஹனபி அறிஞர்களின் கொள்கை. நம் நாட்டுத் தேர்தல்களையும் அரசின் கடனையும் சேர்த்து நோக்க இவ்வேறுபாடு பெரிதும் துணைசெய்யும்.

1967-ல் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதி எழுந்தது. ஆட்சிக்கு வந்த அண்ணாதுரை சென்னையிலும் கோவையிலும் ஒரு படியே வழங்க முடிந்தது. கருவூலம் அவ்வளவுதான் இடங்கொடுத்தது. 1973 மே 20 அன்று நடைபெற்ற திண்டுக்கல் மக்களவை இடைத்தேர்தலில், தோன்றி ஏழே மாதங்களான அ.தி.மு.க.வின் மாயத்தேவர் வென்றார். ஏழையின் வாக்கு எத்துணை வலியது என்பதைக் கட்சிகள் யாவும் அன்று கண்டுகொண்டன. 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தை விரிவாக்கினார். பசித்த பிள்ளைக்கு இடப்பட்ட அச்சோற்றைக் குறைகூற எமக்கு நா எழவில்லை.

கூட்டுறவுக் கடன் தள்ளுபடியின் கதையோ வேறு. திண்டுக்கல் சமவெளி கிணற்றை நம்பிய புஞ்சைச் சீமை. மழை பொய்த்தால் சங்கத்துக் கடன் நிற்கும். 2006-ல் கருணாநிதி பதவியேற்றதும் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடியாயிற்று. 2021 பிப்ரவரியில், வாக்குப்பதிவுக்கு இரண்டு மாதம் இருக்கையில், எடப்பாடி பழனிசாமி 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்வதாகச் சட்டமன்றத்தில் அறிவித்தார். பயன் பெறுவோர் 16.43 லட்சம் உழவர்கள். மக்கள் இதனை இப்ரா என்றே எண்ணினர். ஆனால் சங்கம் எதனையும் விட்டுக்கொடுக்கவில்லை. அத்தொகையை அரசு ஆண்டுத் தவணைகளாகச் செலுத்த வேண்டும். அரசிடம் மிகுதிப் பணம் இல்லாதபோது அதற்கும் கடன் பத்திரமே கதி. ஆகவே இது ஹவாலா. பொறுப்பேற்பவரோ, இன்னும் வாக்குரிமை பெறாத பிள்ளைகள்!

செல்வரிடம் வரி பெற்று வறியவர்க்கு ஈயலாகாதா எனில், வேளாண்மை அல்லாத வருமானத்தின்மீது வரி விதிக்கும் அதிகாரத்தை அரசியல் சட்டம் ஒன்றிய அரசுக்கே அளித்துள்ளது. மாநிலத்தின் கையில் இருப்பவை பெரும்பாலும் விற்பனை வரி, மது வரி, பத்திரக் கட்டணம் போன்றவையே. விற்பனை வரியில் கூலியாளுக்கும் பங்குண்டு. ஏற்றத்தாழ்வு எவ்வளவு மிகுந்தாலும் அதன் உச்சியில் இருப்பவரின் வருமானத்தை மாநிலம் தொட இயலாது. வாக்குறுதியை மட்டும் அளிக்கலாம். இடைவெளியைக் கடன் நிரப்புகிறது. அக்கடனுக்குரிய வட்டியோ, பத்திரம் வாங்கும் வசதி படைத்த வங்கிகளையும் காப்பீட்டு நிறுவனங்களையும் சென்றடைகிறது.

அதே 2021 தேர்தலில் ஐந்து பவுன் வரையிலான நகைக்கடன் தள்ளுபடி என்பதும் வாக்குறுதியாயிற்று. அதனை நிறைவேற்றும் பொறுப்பு, திண்டுக்கல் மாவட்டத்து ஆத்தூர்த் தொகுதியில் வென்று கூட்டுறவு அமைச்சரான ஐ. பெரியசாமியிடம் வந்தது. கணக்கைப் பிரித்துப் பார்த்தபோது ஒருவரே பற்பல கடன்கள் பெற்றிருந்ததும் வெளிப்பட்டது.

2021 ஆகஸ்ட் 9 அன்று வெளியான மாநில நிதிநிலை வெள்ளை அறிக்கை, ஒவ்வொரு குடும்பத்தின் மீதும் 2,63,976 ரூபாய் பொதுக்கடன் உள்ளதெனக் கணக்கிட்டது. பயிர்க்கடன் பெற நிலமோ, அடகு வைக்க நகையோ இல்லாத தோல் பதனிடும் தொழிலாளியின் குடும்பமும் அக்கணக்கில் ஒன்றுதான்.