வாட் என்பது வெளிச்சமா?



சென்ற வாரம் ஐந்தாம் ஆண்டு அறிவியல் வகுப்பில் மாணவி ஒருத்தி எழுந்தாள். “ஐயா, எங்கள் வீட்டுப் பழைய பல்பு 60 வாட். அப்பா புதிதாக வாங்கியது 9 வாட்தான். அதில் படித்தால் கண் கெட்டுவிடும் என்று பாட்டி சொல்கிறார். உண்மையா?” என்று கேட்டாள்.

அந்தப் பாட்டியின் அச்சத்திற்குப் பின்னால் ஒரு நூற்றாண்டு வரலாறு உண்டு.

எடிசன் தமது கரி இழை விளக்கிற்கு 1880-இல் காப்புரிமை பெற்றார். அவருடைய விளக்கை ‘16 மெழுகுவத்தி ஒளி’ என்றே குறித்தனர். அதாவது, அன்று வெளிச்சத்தை வெளிச்சத்தைக் கொண்டே அளந்தனர். 1904-இல் ஹங்கேரியில் யுஸ்ட், ஹனமான் இருவரும் டங்ஸ்டன் இழைக்குக் காப்புரிமை பெற்றனர். அதே ஒளியைத் தர அதற்குப் பாதிக்கும் குறைவான மின்சாரமே போதுமானதாக இருந்தது. 1913-இல் லாங்மியூர் பல்புக்குள் வளிமத்தை நிரப்பி அதன் திறனை மேலும் உயர்த்தினார்.

அதன்பின் பல தலைமுறைகளாக வீடுகளில் பெரும்பாலும் இந்தக் குண்டு பல்பே எரிந்தது. ஒரே வகை விளக்காதலால், அதிக வாட் என்றால் அதிக வெளிச்சம் என்ற கணக்கு பொய்க்கவில்லை. மெழுகுவத்திக் கணக்கு மறைந்தது. வாட் என்பதே வெளிச்சத்தின் பெயராயிற்று.

உண்மையில் வாட் என்பது விளக்கு ‘உண்ணும்’ மின்திறனின் அளவு. விளக்கு தரும் ஒளியின் அளவு லூமென். 60 வாட் குண்டு பல்பு ஏறத்தாழ 700 முதல் 800 லூமென் வரை ஒளி தரும். அது உண்ட மின்சாரத்தில் 90 விழுக்காட்டிற்கும் மேல் வெப்பமாகவே வீணாகும். 1980-இல் விற்பனைக்கு வந்த சிறு குழல் விளக்குகளின் வழிவந்தவை, பின்னாளில் அதே ஒளியைச் சுமார் 14 வாட்டில் தந்தன. இன்றைய எல்.இ.டி. விளக்கிற்கு 9 வாட்டே போதும். 1990-களின் தொடக்கத்தில் ஜப்பானில் உருவான நீல எல்.இ.டி.யே இதற்கு அடிப்படை. அதற்காக அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது.

வகுப்பில் கணக்குப் போட்டோம். நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் எரிந்தால், 60 வாட் பல்பு 30 நாளில் 9 யூனிட் உண்ணும். 9 வாட் விளக்கு 1.35 யூனிட் மட்டுமே.

மறுநாள் அம்மாணவி விளக்கின் அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்தாள். அதில் ‘806 லூமென்’ என்றிருந்தது. “பாட்டியிடம் இதைப் படித்துக் காட்டுவேன், ஐயா” என்றாள்.

ஆயினும் பாட்டியின் கவலையைத் தள்ளிவிடலாகாது. மின்சாரத்தைச் சேமிக்க எண்ணி, லூமெனைப் பாராமல் 3 வாட் விளக்கை வாங்கிப் படிக்கும் மேசைமேல் மாட்டினால், பிள்ளைகள் மங்கிய ஒளியில்தான் படிக்க நேரிடும். பெற்றோர்களே, அடுத்த முறை கடையில் பெட்டியைத் திருப்பி லூமெனைப் பாருங்கள். ஆசிரியர்களே, காலிப் பெட்டிகளை வகுப்பிற்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். அவையே நல்ல பயிற்றுத் துணைப்பொருள்கள்.