மருத்துவ விடுப்பு: கையில் எம்சி இருந்தால் மட்டும் போதாது

காய்ச்சலில் படுத்த தொழிலாளி மூன்று நாள் கழித்து எம்சியோடு வேலைக்குத் திரும்புகிறார். வராத நாள்களுக்குச் சம்பளம் இல்லை என்கிறது நிர்வாகம். எம்சி உண்மையானதுதான், உரிய நேரத்தில் தகவல் சொல்லாததுதான் பிழை.

தீபகற்ப மலேசியாவிலும் லாபுவானிலும் நடப்பில் உள்ள 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம், சம்பளத்துடன் கூடிய மருத்துவ விடுப்பை உறுதி செய்கிறது. நாள் சம்பளக்காரருக்கும் இது உண்டு. சேவைக் காலத்தின்படி ஆண்டுக்கு:

• 2 ஆண்டுக்குக் குறைவு – 14 நாள்
• 2 முதல் 5 ஆண்டுக்குள் – 18 நாள்
• 5 ஆண்டும் அதற்கு மேலும் – 22 நாள்

மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற வேண்டியிருந்தால் 60 நாள் வரை விடுப்பு கிடைக்கும். 2023 ஜனவரி 1 முதல், சாதாரண எம்சி நாள்கள் இந்த 60 நாளில் கழிக்கப்படுவதில்லை.

தொழிலாளியின் கடமை என்ன?

நிறுவனம் நியமித்த மருத்துவரிடம் செல்ல வேண்டும். அப்படி ஒருவர் இல்லாவிட்டால், பதிவு பெற்ற வேறு மருத்துவரிடமோ அரசாங்க மருத்துவரிடமோ காட்டலாம். விடுப்பு தொடங்கிய 48 மணி நேரத்திற்குள் முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும். குறைந்தது தெரிவிக்க முயன்றிருக்க வேண்டும். தவறினால், எம்சி இருந்தாலும் அனுமதியின்றி வராதவராகவே சட்டம் கருதும். தொடர்ந்து இரண்டு வேலை நாளுக்கு மேல் அப்படி வராதிருந்தால் வேலைக்கே ஆபத்து.

உடன் வேலை செய்பவரிடம் வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்புவதைவிட, எம்சியைப் படமெடுத்து மேற்பார்வையாளருக்குப் புலனத்தில் அனுப்புவது நல்லது. பின்னாளில் அதுவே சான்று.

தகவல் சொல்லியும் சம்பளம் பிடிக்கப்பட்டால், எம்சி, சம்பளச் சீட்டு, அனுப்பிய தகவல் மூன்றையும் எடுத்துக்கொண்டு அருகிலுள்ள தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம்.