செருப்புக்கும் தடை இருந்தது!

பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் பாண்டி பஜாரில் நடந்து பாருங்கள். காலணிக் கடைகளில் பெற்றோர் கூட்டம். முக்காலியில் அமர்ந்து கால் நீட்டும் பிள்ளைகள். அங்காடி இருக்கும் நகருக்குத் தியாகராயர் பெயர். 1920இல், அவர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி ஆயிரம்விளக்குப் பள்ளியில் பகலுணவு வழங்க முடிவு செய்தது. தலைக்கு ஓரணாவுக்கு மிகாத செலவு. பசித்த வயிற்றில் பாடம் ஏறாது என்பதை அன்றே ஒப்புக்கொண்டார்கள். வயிற்றை நினைத்தது நாடு. காலை நினைக்கப் பல பத்தாண்டுகள் ஆயின. காசில்லாமை மட்டுமா காரணம்?

அன்று! 1930 டிசம்பரில், இராமநாதபுரச் சீமையில், ஒடுக்கப்பட்ட மக்கள்மீது ஆதிக்கச் சாதியார் எட்டுத் தடைகளை விதித்தனர். வெயிலிலும் மழையிலும் குடை பிடிக்கலாகாது, செருப்பு அணியலாகாது. 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாயின. பிள்ளைகள் எழுத்தறியக் கூடாது, மிராசுதாரரின் மாடுகளையே மேய்க்க வேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று! புராணப் புளுகன்று இது. 1931 மக்கள் கணக்கெடுப்பின் ஆணையர் ஹட்டன், சாதி பற்றிய தம் நூலில் பதித்துவைத்த செய்தி. செருப்பையும் சிலேட்டையும் பறித்த கை ஒன்றே. தோலைப் பதனிட்டவன் அவன், தைத்தவன் அவன். போட்டு நடக்க மட்டும் அவனுக்கு உரிமையில்லை!

வெறுங்கால் எளிமையின் சின்னம் என்று உபதேசிப்பாரும் உளர். கொக்கிப்புழுவுக்கு உபதேசம் கேட்காது. ஈரமண்ணிலிருந்து பாதத் தோலைத் துளைத்து, குடலை அடைந்து, குருதியை உறிஞ்சும். சோகை பிடித்த பிள்ளைக்கு வகுப்பில் ‘மந்தம்’ என்ற பட்டம்!

கொடை திரட்டுவது நமக்குப் புதிதன்று. நெ. து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்தபோது, 1958இல் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு தொடங்கிற்று. பள்ளி தன் தேவையைச் சொன்னது. ஊரார் கட்டடமும் இருக்கையும் சீருடையும் தந்தனர். பின்னர், 2012-13 கல்வியாண்டில், அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு விலையில்லாக் காலணித் திட்டம் வந்தது. ஆனால், 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளியில் 25 விழுக்காட்டு இடத்தில் சேர்ந்த ஏழைப் பிள்ளை அத்திட்டத்துக்கு வெளியே நிற்கிறது. கட்டணம் அரசின் பொறுப்பு. கருப்பு ஷூவோ பெரும்பாலும் கூலிக்குப் போகும் தாயின் பொறுப்பு.

மயிலையிலும் அடையாற்றிலும் கொடை திரட்ட முன்வரும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்வோம். பரணில் கிடக்கும் பழையதைச் சேர்க்க வேண்டாம். ஒருவர் காலுக்குப் பழகியது மற்றவர் காலைக் கடிக்கும். அதுமட்டுமா? பிறர் கழித்ததைக் கைநீட்டி வாங்கும் வழக்கத்தைத்தானே அந்தத் தடைப் பட்டியல்கள் வளர்த்தன? மேடையும் வேண்டாம், கொடுப்பவரும் வாங்குபவரும் சேர்ந்து நிற்கும் நிழற்படமும் வேண்டாம். திரட்டிய பணத்தோடு, பள்ளி திறக்குமுன் பிள்ளையையும் தாயையும் கடைக்கு அழைத்துச் செல்வோம். வளரும் காலுக்கு ஒரு விரற்கிடை கூடுதலாகப் பார்க்கச் சொல்வோம். அதே முக்காலியில் அமர்ந்து, பிடித்ததை அந்தப் பிள்ளையே எடுத்துக்கொள்ளட்டும்.