ஈடுவைத்த மாடும் அரசின் பணமும்

1934ஆம் ஆண்டுக் கோடையில் ஐக்கிய அமெரிக்க நாட்டின் நடுச் சமவெளிகளில் மழை பொய்த்தது. டக்கோட்டா முதல் டெக்சாஸ் வரை புல் கருகிற்று, குட்டைகள் வற்றின, மாடுகள் எலும்புந் தோலுமாயின. விற்க முற்பட்டாலோ சந்தையிற் கொள்வார் அரியர். அந்நிலையில் ரூஸ்வெல்ட் அரசாங்கம், வரட்சி மிக்க கவுண்டிகளை இடர்ப்பகுதிகளென அறிவித்து, அங்குள்ள மாடுகளைத் தானே வாங்கத் தொடங்கிற்று.

மாடொன்றுக்கு உயர்ந்த விலை 20 டொலர். சிறு தொகையே, ஆயினும் அதனை வழங்கிய முறை நோக்கற்பாலது. பண்ணையாளர் பலர் தம் மந்தைகளை ஈடுவைத்துக் கடன்பட்டிருந்தனர். மாட்டின் விலையென்று முழுப்பணத்தையும் கொடுத்தால் அது கடன் கொடுத்தோரையே சேரும். மாடும் பணமும் போய்க் குடியானவன் வெறுங்கையனாவான். ஆகவே தொகை இரு கூறாக்கப்பட்டது. ஒன்று மாட்டின் விலை. அதிற் கடன் கொடுத்தோருக்கு உரிமையுண்டு. மற்றையது உதவிப்பணம், முதிர்ந்த மாட்டுக்கு 6 டொலர். இதில் எவரும் கைவைத்தலாகாது. இவ்வேற்பாட்டுக்கு வங்கிகளின் ஒப்பம் வேண்டியிருந்தது. அவையும் ஒப்பமிட்டன, மேய்ச்சலின்றிச் செத்த மாட்டினால் அவற்றுக்கு ஆவதென்ன?

ஏறத்தாழ 83 இலட்சம் மாடுகள் வாங்கப்பட்டன. உணவுக்குதவாதவை அங்கேயே சுட்டுப் புதைக்கப்பட்டன. அருமையாய் வளர்த்தவை குழியில் வீழ்வதைக் கண்டு நின்றோருக்கு அந்த டொலர்கள் பெரும் ஆறுதலாயிருந்திரா. எஞ்சியவற்றின் இறைச்சி தகரத்தில் அடைக்கப்பெற்று, நிவாரணத்தில் வாழ்ந்த குடும்பங்களுக்கு இலவசமாய்ச் சென்றது. 1935இற் கொள்வனவு நின்றபோது பண்ணையாளருக்கும் கடன் கொடுத்தோருக்குமாக வழங்கப்பட்டிருந்தது ஏறத்தாழ 11 கோடி டொலர்.