மான்மியம் வகுப்பறைக்கு வர வேண்டும்

முறையே எல்லாவற்றையும் தீர்மானித்துவிடும் ஓர் ஊரைக் கதையில் காட்டி, தனித்தன்மை என்றால் என்ன என்று பிள்ளைகளை யோசிக்க வைப்பது மேலைநாட்டுப் பள்ளிகளில் நன்கு பழகிய முறை. லோயிஸ் லோரி 1993-இல் எழுதிய 'தி கிவர்' நாவலில், 12 வயதாகும் பிள்ளைக்கு என்ன வேலை என்பதை மூத்தோர் குழுவே முடிவு செய்கிறது. இப்படியொரு நூலைத் தேடி, குமரி மாவட்டத்து நாஞ்சில் நாட்டு ஆசிரியர் வெளியே போக வேண்டியதில்லை. தேரூரில் 1876-இல் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்' அந்த வேலையை 1917-18இலேயே செய்துவிட்டது. 'தமிழன்' இதழில் அது தொடராக வந்தது.

நாஞ்சில் நாட்டு வேளாளரிடம் இருந்த மருமக்கள் வழியில் ஒருவரின் சொத்தில் பெரும்பகுதி அவர் பிள்ளைகளுக்குப் போகவில்லை. சகோதரியின் மக்களான மருமக்களுக்கே போயிற்று. குடும்பச் சொத்தைக் குடும்பத் தலைவரான காரணவர் ஆண்டார். பிள்ளைகளுக்கு உகந்துடைமை என்று ஒரு சிறு பங்கு மட்டுமே இருந்தது. இதைக் கவிமணி சட்ட விளக்கமாக எழுதவில்லை. ஒரு காரணவரின் ஐந்தாம் மனைவியைப் பேச விட்டார். மாமியின் அதிகாரம், சக்களத்திச் சண்டை, வழக்காடியே குடும்பம் அழிந்த கதை என்று அவள் சொல்லச் சொல்ல ஓர் உண்மை தெளிவாகிறது: கெட்டவர் ஒருவரை நீக்கிவிட்டால் தீரும் துன்பம் அல்ல இது. மாமி, கணவன், மருமகன் எல்லோரும் முறை கொடுத்த வேடத்தையே ஆடுகிறார்கள். அந்த வேடத்துக்குள்ளிருந்து 'எனக்கு என்ன வேண்டும்' என்று ஒரு பெண் வாய் திறப்பதே இந்நூலின் உயிர். மாணவர் கற்க வேண்டிய தனித்தன்மையும் அதுதான்.

இது சிறுவர் நூல் அல்லவே என்பார்கள். உண்மை, முழுதாக வைக்க வேண்டாம், உயர்நிலை வகுப்புக்குச் சில படலங்கள் போதும். எழுதியவரே பல்லாண்டு பள்ளி ஆசிரியர், குழந்தைகளுக்கும் பாடியவர், நடை எளியது. மருமக்கள் வழி பெண்ணுக்குப் பிறந்த வீட்டில் உரிமை தந்ததே என்பது இன்னும் கனமான மறுப்பு. அதை மறைக்கக் கூடாது. சகோதரிக்குப் பாதுகாப்பான அதே முறை மனைவியைத் திண்டாட விட்டது. தந்தையின் சொத்து பிள்ளைகளுக்குப் போகும் மக்கள் வழியோ வேறு சிலரைத் திண்டாட விட்டது. எந்த முறையையும் அதில் நசுங்குபவரின் இடத்திலிருந்து பார்க்கப் பழகுவதே பாடம். ஒரு சமூகத்தைப் புண்படுத்தும் என்ற அச்சமும் வேண்டாம். பாடியவர் அதே சமூகத்தவர், தம் வீட்டுக் குறையையே பாடினார்.

கற்பனை ஊர்க் கதைக்கு இல்லாத ஒரு வலிமை மான்மியத்துக்கு உண்டு. அது காட்டிய உலகம் உண்மையில் இருந்தது, உண்மையில் மாறியது. அப்போது நாஞ்சில் நாட்டை ஆண்ட திருவிதாங்கூர் அரசு 1926-இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டத்தை இயற்றி, பிள்ளைகளுக்குத் தந்தையின் சொத்தில் உரிமை கொடுத்தது. நூல் ஒன்றே அதைச் சாதித்தது என்று சொல்ல முடியாது. சமூகத்துக்குள் எழுந்த கோரிக்கையும் கிளர்ச்சியும் அதில் சேரும். ஆனாலும் மனிதர் வகுத்த முறையை மனிதரே மாற்றலாம் என்பதற்குக் குமரி மாவட்டப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பக்கத்தில் சான்று இல்லை. ஆசிரியர்கள் மான்மியத்தை வகுப்பறைக்குக் கொண்டுவர வேண்டும்.