கல்யாணப் பத்திரிகையும் ஒரு சாட்சிதான்

நம் குடியிருப்பில் இந்த ஆண்டு இரண்டு வீடுகளில் திருமணப் பத்திரிகையை அச்சகத்தில் கொடுக்காமல் வீட்டிலேயே கையால் செய்திருக்கிறார்கள். பார்த்தவர்கள் எல்லாரும் "புதுசா இருக்கே" என்று பாராட்டினார்கள். உண்மையில் கையால் எழுதுவதுதான் பழைய வழக்கம். அச்சுப் பத்திரிகைதான் பிறகு வந்தது.

காகிதம் வருவதற்கு முன் திருமணத்தை உறுதி செய்து பனையோலையில் எழுதினார்கள். அதற்கு மண ஓலை என்று பெயர். உறவுக்காரர்களை நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தார்கள். காகிதம் வந்தபின் ஓலையின் இடத்தை லக்னப் பத்திரிகை பிடித்தது. நிச்சயதார்த்தத்தன்று பெரியவர் ஒருவர் இரண்டு பிரதி எழுதுவார். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, சபையில் உரக்கப் படித்து, பெண் வீட்டாருக்கு ஒன்றும் மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒன்றுமாகத் தட்டில் வைத்து மாற்றிக்கொள்வார்கள். வணிகவியல் படித்த எனக்கு இது ஒப்பந்தப் பத்திரமாகத்தான் தெரிகிறது: இரு தரப்பு, இரண்டு பிரதி, சபை முழுவதும் சாட்சி.

தமிழில் அச்சு 1578-லேயே கொல்லத்தில் தொடங்கிவிட்டது. ஆனால் இந்தியர்கள் தடையின்றிச் சொந்தமாக அச்சகம் வைக்க 1835 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதன் பிறகுதான் அச்சகங்கள் மெல்ல மெல்லச் சிற்றூர்களுக்கும் வந்தன. விழுப்புரம், திண்டிவனம் போன்ற ஊர்களில் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்து, காலால் மிதிக்கும் டிரெடில் இயந்திரத்தில் பத்திரிகை அடித்ததை நம்மில் பலர் பார்த்திருப்போம். தீப்பெட்டி லேபிள் அச்சடித்து வளர்ந்த சிவகாசி, பிற்பாடு சாமி படம் போட்ட அட்டைகளை அனுப்ப ஆரம்பித்தது. ஆல்பத்தில் அட்டையைத் தேர்ந்தெடுத்தால் உள்ளூர் அச்சகம் பெயரையும் தேதியையும் அடித்துக் கொடுக்கும்.

வீட்டில் பழைய பத்திரிகைகள் இருந்தால் வரிசையாக வைத்துப் பாருங்கள். ஊர் மாறியது அதில் தெரியும். அந்தக் காலத்தில் "விவாக சுபமுகூர்த்தப் பத்திரிகை" என்றுதான் தலைப்பு. சிரஞ்சீவி, சௌபாக்கியவதி எல்லாம் இருக்கும். அழைப்பவர் பெண்ணின் தகப்பனார் மட்டுமே. பெற்ற தாயின் பெயர் பலவற்றில் இருக்காது. தனித்தமிழ் இயக்கமும் திராவிட இயக்கமும் பரவியபின் "திருமண அழைப்பிதழ்", "திருவளர்ச்செல்வன்", "திருவளர்ச்செல்வி" வந்தன. 1929 பிப்ரவரியில், திண்டிவனத்துக்கு வடக்கே அதே ஜி.எஸ்.டி. சாலையில் உள்ள செங்கல்பட்டில், முதல் சுயமரியாதை மாகாண மாநாடு கூடியது. பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விடவேண்டும் என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். அந்தப் பட்டங்கள் பத்திரிகைகளிலிருந்து ஒவ்வொன்றாக உதிர்ந்தன.

அதற்கு முந்தைய ஆண்டு, 1928-ல், அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் முதல் சுயமரியாதைத் திருமணத்தைப் பெரியார் நடத்தி வைத்தார். இத்தகைய திருமணங்களுக்குச் சட்ட அங்கீகாரம் அண்ணா முதல்வராக இருந்தபோது 1967-ல் சட்டமன்றத்தில் நிறைவேறி, 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் மணமக்கள் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொன்னாலோ, மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலோ, தாலி கட்டினாலோ போதும் என்கிறது அந்தச் சட்டம். அப்படிப் பார்த்தால் பத்திரிகை பெற்று வருகிறவர் சாப்பிட வரும் விருந்தாளி மட்டும் அல்ல, திருமணத்துக்குச் சாட்சியும் கூட.

இதன் அருமை வங்கிக் கவுன்ட்டரில்தான் எனக்குப் புரிந்தது. 1990-களில் திண்டிவனத்தில் வேலை பார்த்தபோது, கணவரை இழந்த ஒரு அம்மா குடும்ப ஓய்வூதியம் விஷயமாக அடிக்கடி வருவார். திருமணத்தைப் பதிவு செய்யவில்லை. பணிப் பதிவேட்டில் மனைவி பெயர் ஏறவே இல்லை. டிரங்குப் பெட்டியிலிருந்து அவர் எடுத்து வந்த மஞ்சள் பத்திரிகை ஒன்றுதான் கையில் இருந்தது. தேதி, ஊர், இரு தகப்பனார் பெயர் எல்லாம் சரியாக இருந்தன. ஆனால் மணமகள் என்று அச்சடித்திருந்தது வீட்டில் கூப்பிடும் பெயர். ரேஷன் கார்டில் வேறு பெயர். இருவரும் ஒருவரே என்று சான்று வாங்க அந்த அம்மா ஏழெட்டு மாதம் அலைந்தார். கடைசியில் ஓய்வூதியம் கிடைத்தது. பத்திரிகையும் இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பலமுறை நினைத்ததுண்டு.

1989-ல் தொடங்கிய மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டத்துக்கும் பத்திரிகையை இணைக்கச் சொன்னார்கள். 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்தாக வேண்டும். பதிவு அலுவலகத்தில் திருமணம் நடந்ததற்குச் சான்றாக முதலில் கேட்பது அழைப்பிதழைத்தான். வாட்ஸ்அப்பில் வரும் படமும் வீடியோவும் போன் மாற்றினால் போய்விடும். அழைப்பதற்கு அவை போதும். காப்பாற்றி வைப்பதற்குப் போதாது.

ஆகவே எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். கூடவே இருபத்தைந்து, முப்பது பத்திரிகையாவது கையால் செய்து நெருங்கியவர்களுக்கு நேரில் கொடுங்கள். கைக்காகிதம் நமக்குப் பக்கத்திலேயே கிடைக்கிறது. விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் சுமார் 40 கிலோமீட்டரில் உள்ள புதுச்சேரியில், அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதத் தொழிற்கூடம் 1959 முதல் நடக்கிறது. பருத்தித் துணிக் கழிவை அரைத்துக் கூழாக்கி, சல்லடைச் சட்டத்தில் அள்ளி, அழுத்தி, உலர்த்துகிறார்கள். மரம் வெட்டும் வேலையே இல்லை.

செய்யும்போது சில விஷயங்களைக் கவனியுங்கள்:

• மணமக்கள் பெயரை ஆதாரில் உள்ளபடியே எழுதுங்கள். செல்லப்பெயர் வேண்டுமென்றால் அடைப்புக்குறிக்குள் போடலாம்.

• நான்கு பெற்றோரின் பெயரும் இருக்கட்டும். தாய்மார் பெயர் விடுபட வேண்டாம்.

• தமிழ் வருடத்தோடு ஆங்கிலத் தேதியையும் எழுதுங்கள். தமிழ் வருடப் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும். பராபவ வருடம் 1966-லும் பிறந்தது, 2026-லும் பிறக்கிறது. பேரப்பிள்ளைகள் குழம்புவார்கள்.

• மண்டபத்தின் பெயரோடு தெரு, ஊர், வட்டம், மாவட்டம் ஆகியவற்றையும் சேருங்கள். லொகேஷன் லிங்க் நாளைக்கு வேலை செய்யாது.

• கைக்காகிதத்தில் சில மைகள் ஊறிப் பரவும். ஒரு துண்டில் எழுதிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். வெயிலில் மங்காத, தண்ணீரில் கரையாத மை நல்லது.

• மஞ்சள் தடவினால் நன்றாகக் காயவிட்டு அடுக்குங்கள். ஈரத்தோடு அடுக்கினால் ஒட்டிக்கொள்ளும்.

• இரண்டு பிரதியை யாருக்கும் கொடுக்காமல் வீட்டுக்கு ஒன்றாகப் பத்திரப்படுத்துங்கள். அந்தக் கால லக்னப் பத்திரிகையும் அப்படித்தானே!

வரும் பொங்கல் விழாவில் பழைய கல்யாணப் பத்திரிகைகளைச் சங்க அலுவலகத்தில் காட்சிக்கு வைக்கலாம் என்று ஓர் எண்ணம். தாத்தா பாட்டி காலத்துப் பத்திரிகை வைத்திருப்பவர்கள் அசலைக் கொடுக்க வேண்டாம். நகல் எடுத்துக் கொடுத்தால் போதும். அசல் உங்கள் பீரோவிலேயே, சொத்துப் பத்திரத்தோடு இருக்கட்டும்.