வானுக்கும் வீட்டுக்கும் இடையே பாய லேபார்

மலாய் மொழியில் 'பாயா' என்றால் சதுப்பு நிலம். 'லேபார்' என்றால் அகன்றது. அந்த அகன்ற சதுப்பு நிலத்தில்தான் சிங்கப்பூரின் அனைத்துலக விமான நிலையம் சுமார் 26 ஆண்டுகள் இயங்கியது. பின்னர் அது ஆகாயப் படைத் தளமானது. 2030ஆம் ஆண்டு முதல் அந்தத் தளமும் இடம் மாற, அங்கும் அதைச் சுற்றியும் வீடுகள் எழவிருக்கின்றன. ஒரே நிலம் மூன்று முறை கைமாறும் இந்த வரலாறு, நகர வளர்ச்சியும் தற்காப்பும் சின்னஞ்சிறு தீவில் எப்படி ஒன்றுக்கொன்று வழிவிட்டன என்பதைக் காட்டுகிறது. வழிவிட்டதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதையும் காட்டுகிறது.

காலாங்கிலிருந்து பாய லேபாருக்கு

1937ஆம் ஆண்டு ஜூன் மாதம் திறக்கப்பட்ட காலாங் விமான நிலையம் நகரத்தின் வாசலிலேயே இருந்தது. பயணிகளுக்கு அது வசதி. ஆனால் இரண்டாம் உலகப் போருக்குப் பின் விமானங்கள் பெரிதாகின. நீண்ட ஓடுபாதை தேவைப்பட்டது. காலாங்கைச் சுற்றி ஏற்கெனவே நகரம் நெருங்கிவிட்டதால் அங்கே விரிவாக்க இடமில்லை. எனவே பிரிட்டிஷ் அரசாங்கம் நகரை விட்டுத் தள்ளியிருந்த பாய லேபாரைத் தேர்ந்தெடுத்தது. 1955 ஆகஸ்ட் 20ஆம் தேதி, காலனித்துவ நாடுகளுக்கான பிரிட்டிஷ் அமைச்சர் ஆலன் லெனக்ஸ்-பாய்ட் புதிய நிலையத்தைத் திறந்துவைத்தார்.

அந்த ஆண்டு பயணிகளின் எண்ணிக்கை சுமார் 300,000. 1970ல் அது 1.7 மில்லியன், 1975ல் 4 மில்லியன். இருபதே ஆண்டுகளில் காலாங்கின் கதை பாய லேபாரிலும் திரும்பியது. இரண்டாவது ஓடுபாதை தேவை என்று பிரிட்டிஷ் ஆலோசகர்கள் பரிந்துரைத்தார்கள். அதிகாரிகள் குழுவும் பாய லேபாரிலேயே இருப்பதே நல்லது என்றது. காரணம், அங்கே ஏற்கெனவே 800 மில்லியன் வெள்ளி முதலீடு செய்யப்பட்டிருந்தது.

அப்போதைய பிரதமர் லீ குவான் இயூவுக்கு அந்த யோசனை பிடிக்கவில்லை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், விமானங்கள் ஏறி இறங்கும் இரைச்சல் கடல்மீது விழும்படி லோகன் விமான நிலையம் அமைந்திருந்ததை அவர் கவனித்திருந்தார். பாய லேபாரில் இன்னோர் ஓடுபாதை அமைந்தால் விமானங்கள் நகரத்தின் தலைக்கு மேலேயே பறக்கும் என்று கருதினார். ஹாவ் யூன் சோங் தலைமையில் ஒரு குழு மீண்டும் ஆராய்ந்தது. 1975ல் சாங்கிக்கு மாறுவது என்று முடிவாயிற்று. கடலோரத்தில் நிலமீட்பு நடந்தது. புதிய நிலையம் 1981 ஜூலை 1ஆம் தேதி இயங்கத் தொடங்கியது.

சாங்கியில் ஏற்கெனவே ராணுவ விமானத் தளம் இருந்தது. ஜப்பானிய ஆட்சியில் போர்க் கைதிகளை வேலை வாங்கி அமைத்த ஓடுபாதை அது. போருக்குப் பின் பிரிட்டிஷ் ஆகாயப் படையிடம் சென்றது. 1971ல் பிரிட்டிஷ் படைகள் வெளியேறின. ஆக, ராணுவத் தளம் பயணிகள் நிலையமாகவும், பயணிகள் நிலையம் ராணுவத் தளமாகவும் மாறின. 1968ல் தொடங்கப்பட்ட இளம் ஆகாயப் படைக்கு நீண்ட ஓடுபாதையும் கொட்டகைகளும் தயாராகக் கிடைத்தன. பொருளாதாரக் கணக்கில் அது வீண்போகாத முதலீடு.

வேலிக்கு வெளியே நீளும் தளம்

ஆனால் விமானத் தளம் தன் வேலிக்குள் அடங்கிவிடுவதில்லை. ஓடுபாதையைச் சுற்றிலும் விமானங்கள் தடையின்றித் திரும்பவும் இறங்கவும் இடம் வேண்டும். அனைத்துலக விதிமுறைகளில் நீண்ட காலமாக இருந்துவரும் அளவுகோலின்படி, பெரிய ஓடுபாதையிலிருந்து சுமார் 4 கிலோமீட்டர் சுற்றளவில், நிலைய மட்டத்துக்கு மேல் 45 மீட்டரைத் தாண்டிக் கட்டடங்கள் எழக்கூடாது. அடுக்குமாடிக் கணக்கில் அது ஏறத்தாழ 15, 16 மாடி. அதற்கு அப்பால் வரம்பு படிப்படியாகத் தளர்கிறது.

1980களில் ஹவ்காங்கும் தெம்பனிசும், பிறகு செங்காங்கும் பொங்கோலும் வளர்ந்தபோது இந்தக் கண்ணுக்குத் தெரியாத கூரை அவற்றின் மேல் நீண்டது. நகர மையத்தில் 2009ல் 50 மாடி வீவக கட்டடம் எழுந்தது. வடகிழக்கின் பல பகுதிகளில் அப்படிக் கட்ட வழியில்லை. உயர முடியாதபோது, அதே எண்ணிக்கை வீடுகளுக்கு அதிக நிலம் தேவைப்படும். இதோடு போர் விமானங்களின் இரைச்சலும் சேர்ந்தது.

ஆகாயப் படையும் தன் பங்குக்கு வெளியே இடம் தேடியது. 1993 முதல் ஆஸ்திரேலியாவின் பியர்ஸிலும், 1998 முதல் பிரான்சின் கசோவிலும் விமானிகளுக்குப் பயிற்சி நடந்தது. நிலத்தடியிலும் இடம் கண்டுபிடிக்கப்பட்டது. 2008ல் மண்டாய் கருங்கல் பாறைக்குள் வெடிமருந்துக் கிடங்கு திறக்கப்பட்டது. தரைக்கு மேல் இருந்தால் பாதுகாப்பு இடைவெளிக்காக ஒதுக்க வேண்டியிருந்த சுமார் 300 ஹெக்டர் நிலம் இதனால் மிஞ்சியது.

இடம் மாறும் தளம், இடம் மாறும் சுமை

2013ஆம் ஆண்டு தேசிய தினப் பேரணி உரையில் பிரதமர் லீ சியன் லூங், பாய லேபார் தளம் 2030 முதல் இடம் மாறும் என்று அறிவித்தார். தளம் மட்டும் சுமார் 800 ஹெக்டர். பீஷானையும் அங் மோ கியோவையும் விடப் பெரியது. 2022ஆம் ஆண்டு உரையில், சுற்றுப்பகுதியையும் சேர்த்துத் தோ பாயோவைப்போல் ஐந்து மடங்கு பரப்பு கிடைக்கும் என்றும் ஏறத்தாழ 150,000 வீடுகள் கட்டலாம் என்றும் அவர் கூறினார். உயர வரம்பு நீங்கினால் ஹவ்காங், மரின் பரேட், பொங்கோல் போன்ற இடங்களிலும் உயரமாகக் கட்டலாம். பழைய ஓடுபாதையைப் பொது இடமாகப் பேணும் யோசனையும் முன்வைக்கப்பட்டுள்ளது.

மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் விமானங்கள் எங்காவது இறங்கித்தானே ஆக வேண்டும்? சாங்கி கிழக்கும் தெங்காவும் அவற்றை ஏற்கவிருக்கின்றன. தெங்கா தளத்தை விரிவாக்குவதற்காக, சுவா சூ காங் இடுகாட்டில் சுமார் 45,500 சீனர் கல்லறைகளும் 35,000 முஸ்லிம் கல்லறைகளும் அகற்றப்பட வேண்டும் என்று 2017ல் அறிவிக்கப்பட்டது. மொத்தம் 80,500. அக்கம்பக்கப் பண்ணைகள் சிலவும் நிலத்தை இழந்தன. லிம் சூ காங் சாலையின் ஒரு பகுதி திசை மாறியது. இதற்கிடையே தளத்துக்கு அருகிலேயே 42,000 வீடுகளுக்கான தெங்கா புதுநகர் வளர்ந்து வருகிறது. கிழக்கில் தளரும் நெருக்கம் மேற்கில் கூடுகிறது.

காலியாக்கினால் மட்டும் போதாது என்பதற்கு மலேசியாவில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கோலாலம்பூரின் சுங்கை பீசி தளம், 1965ல் சுபாங் நிலையம் திறக்கப்படும்வரை தலைநகரின் விமான நிலையமாகவும் இருந்தது. நகரம் அதைச் சூழ்ந்துகொண்ட பின், சுமார் 486 ஏக்கரில் பண்டார் மலேசியா திட்டம் 2011ல் அறிவிக்கப்பட்டது. 2018ல் ஆகாயப் படை வெளியேறியது. ஆனால் மேம்பாட்டு ஒப்பந்தம் 2017ல் ஒருமுறை முறிந்து, 2019ல் உயிர்பெற்று, 2021ல் மறுபடியும் காலாவதியானது. தளம் போனது; நகரம் உடனே வரவில்லை.

நகரத்தை விட்டுத் தள்ளி அமைக்கப்படும் விமான நிலையத்தை, ஒரு தலைமுறைக்குள் நகரம் தேடி வந்துவிடுகிறது. காலாங்கில் அது நடந்தது, பாய லேபாரில் நடந்தது, சுங்கை பீசியிலும் நடந்தது. தெங்காவில் மட்டும் நடக்காது என்று எண்ண இடமில்லை. அதனால் புதிய தளத்தைத் திட்டமிடும்போதே அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்கான வீடுகளையும் சேர்த்துத் திட்டமிடுவது அவசியமாகிறது.

தற்காப்பும் வேண்டும், வீடும் வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. கணக்கு மட்டும் முழுமையாக இருக்க வேண்டும். நாளை ஹவ்காங்கில் ஒரு கட்டடம் கூடுதலாகப் பத்து மாடி உயரும்போது, அந்த உயரத்துக்காகச் சுவா சூ காங்கில் ஒரு குடும்பம் தன் பாட்டனாரின் எலும்புகளை இடம் மாற்றியிருக்கிறது என்பதும் அந்தக் கணக்கில் எழுதப்பட வேண்டும்.